இருமல் பட்டன்

மௌன அஞ்சலிக்கு நடுவில் எதிரொலி வாயைத் திறந்துவிட்டார்.

ஊரைக் கூட்டி ஒன்றும் பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த டீச்சரிடம் இரண்டே இரண்டு வாக்கியம், அதுவும் கிசுகிசுப்பாக. ஆனால் மைக்குக்குக் கிசுகிசுப்பு என்றால் உயிர். உரக்கப் பேசினால் கரகரவென்று முகம் சுளிக்கிற அந்தக் கருவி, ரகசியம் என்று தெரிந்தால் போதும், ஒரு பிசிறு சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சேர்த்துவிட்டது. தமிழ்ச் சேனலைக் காதில் மாட்டியபடி தலைகுனிந்து நின்ற அத்தனை பேருக்கும்.

அந்தச் சர்வதேச மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய மண்டபத்தில், பின்சுவரில் ஒரு மாடி உயரத்தில், கண்ணாடி பதித்த சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மொழி. கீழே பேசுகிறவர் மூச்சு வாங்குவதற்குள் அவர் சொன்னதை இங்கே தன் மொழியில் சொல்லி முடிக்க வேண்டும். பூத் என்று அதற்குப் பெயர். தமிழ் பூத்தில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், எதிரொலியும் டீச்சரும். இவர் அரை மணி பேசினால் அவர் அரை மணி. பேசாத நேரத்தில் முன்னாள் பள்ளி ஆசிரியையான டீச்சர் பின்னுவார். எதிரொலி அந்தப் பின்னலைக் குறை சொல்வார். மைக்கின் கழுத்தில் சிவப்பு வளையம் எரிந்தால் சேனல் திறந்திருக்கிறது என்று பொருள். மூடுவதற்கு ஒரு பட்டன். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, இருமல் பட்டன். தொண்டை கமறினால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருமிக்கொள்ளலாம். விரலை எடுத்த மறுநொடி மைக் தானாகத் திறந்துகொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. எதிரொலியே எத்தனையோ பேருக்கு விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு மறைந்த நீதிபதிக்கான இரங்கல் கூட்டம். "எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்" என்றார் மேடையில் இருந்தவர். அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் எதிரொலிக்குத் தொண்டை அடைத்தது. நிஜமாகவே அடைத்தது. பதினோரு வருடம் அந்த அம்மாவின் பேச்சுக்குத் தமிழில் குரலாக இருந்தவர் அவர். இருமல் பட்டனை அமுக்கினார். மைக்கை அணைத்தாயிற்று என்று மனசு தானாக முடிவு கட்டிக்கொண்டது. சட்டைப் பையில் தொண்டை மிட்டாய் இருந்தது. அதைப் பிரிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. விரலை எடுத்தார். முதலில் போனது மிட்டாய்க் காகிதத்தின் சரசரப்பு.

"டீச்சர், மௌனத்தை மொழிபெயர்த்தா முழுச் சம்பளமா, பாதியா?"

டீச்சர் பின்னலை நிறுத்தாமல் முறைத்தார். சாதாரண நாளாக இருந்தால் அந்த முறைப்பு போதும். ஆனால் அழக்கூடாத இடத்தில் அழுதுவிடுவோமோ என்று பயம் வந்தால் எதிரொலிக்கு ஜோக் வரும். சிலருக்குத் தும்மல் வருவது மாதிரி. தடுக்க முடியாது.

"அம்மா மட்டும் இப்ப இருந்திருந்தா கேட்டிருப்பாங்க. இத்தனை பேரு ஒரேயடியா வாயை மூடிட்டு நிக்கறாங்களே, எந்த அரசாங்கம் இவங்களை மிரட்டுச்சுன்னு."

டீச்சரின் ஊசி நின்றது. அதன் முனை மெல்லத் திரும்பி மைக்கைக் காட்டியது. சிவப்பு வளையம் எந்தக் கவலையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

கீழே அங்கங்கே தலைகள் நிமிர்ந்தன. முதல் வரிசையில் நீதிபதியின் கணவர் நின்றிருந்தார். பூத்திலிருந்து பார்த்தால் அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். வழுக்கையைச் சுற்றி நரைமுடி, பழுப்புக் கோட்டு, காதில் ஹெட்போன். அந்த முதுகின் தோள்கள் இரண்டும் குலுங்கின. ஒரு கை மேலே போனது. கைக்குட்டை முகத்தை மூடியது. தோள்கள் இன்னும் குலுங்கின.

சிரிக்கிறாரா, அழுகிறாரா? முதுகைப் பார்த்து அதைச் சொல்ல எதிரொலிக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆறு மொழி தெரிந்து என்ன புண்ணியம் என்று நினைத்துக்கொண்டே, மைக்கை அணைக்கிற பட்டனை, சரியான பட்டனை, காலம் கடந்து அமுக்கினார்.

கூட்டம் முடிந்ததும் நினைவுக் குழுவின் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் அடிப்படையில் வழக்கறிஞர். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால், ஈரத்துக்கான அறிகுறிகள் தென்படுகின்றன என்று சொல்லக்கூடியவர். அவருடைய அறையில் நாற்காலிகள் மேலெல்லாம் புதிதாக அச்சாகி வந்த அழைப்பிதழ்க் கட்டுகள் உட்கார்ந்திருந்ததால் எதிரொலி நின்றார். நிற்பதே பொருத்தமாகவும் இருந்தது.

"நடந்தது வந்து..." செயலாளர் ஒரு சொல்லைத் தேடினார். "ஒரு சம்பவம்."

"தப்பு சார். நூறு சதவீதம் என் தப்பு. அதை விடுங்க. அவரு சிரிச்சாரா அழுதாரா? நீங்க மேடையில அவருக்கு நேர் எதிர்லதானே நின்னீங்க?"

"ஒருவித உணர்ச்சி வெளிப்பாடு இருந்தது. அதை மறுக்கறதுக்கில்ல."

"எந்த வித சார்?"

"அதைப் பல விதமா எடுத்துக்கலாம்." செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "வெள்ளிக்கிழமை விஷயம் இருக்கு பாருங்க. அதுல உங்க பேரை நிறுத்தி வெச்சிருக்கோம்."

"எடுத்துட்டீங்களா?"

"எடுக்கல. நிறுத்தி வெச்சிருக்கோம். குடும்பத்தோட மனநிலை தெளிவாகற வரைக்கும்."

வெள்ளிக்கிழமை விஷயம் என்பது முதல் நினைவுச் சொற்பொழிவு. அன்றைக்குத்தான் அந்தப் பெரிய மண்டபத்துக்கு அம்மாவின் பெயரைச் சூட்டப் போகிறார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள், தூதர்கள், மாணவர்கள் எல்லோரும் வருகிறார்கள். சொற்பொழிவுக்கு முன்னால் அம்மா எழுதிய தீர்ப்பிலிருந்து ஒரே ஒரு பத்தியை எல்லா மொழியிலும் வாசிப்பதாக ஏற்பாடு. பூத்துக்குள் ஒளிந்துகொண்டு அல்ல. ஒவ்வொரு மொழிக்காரரும் கீழே இறங்கி வந்து, மேடையில் நின்று, முகத்தைக் காட்டி வாசிக்க வேண்டும். தமிழில் வாசிக்கிற ஆள் எதிரொலி என்று போன வாரமே முடிவாகியிருந்தது. அதற்காக ஒரு கோட்டுகூடத் தைக்கக் கொடுத்துவிட்டார். பூத்துக்காரர்களுக்கு இடுப்புக்குக் கீழே என்ன உடுத்தியிருக்கிறோம் என்ற கவலையே கிடையாது. முழு உடம்புக்கும் துணி எடுத்தது அவர் வாழ்க்கையில் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

ஆனால் உறுத்தியது கோட்டு அல்ல. அந்தப் பத்தி.

அது ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கு. பிழைக்கப் போன நாட்டில் ஏதோ ஒரு திருட்டு வழக்கில் அவனைப் பிடித்தார்கள். அந்த ஊர் மொழி அவனுக்கு ஒரு எழுத்து தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வைக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் தலையாட்டினான். பயத்தில் ஆட்டினான், மரியாதைக்கு ஆட்டினான், சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று ஆட்டினான். ஒப்புக்கொண்டான் என்று எழுதி உள்ளே போட்டுவிட்டார்கள். எல்லா நீதிமன்றமும் கைவிரித்து, கடைசியில் வழக்கு இங்கே வந்தது.

அன்றைக்குத் தமிழ் பூத்தில் எதிரொலியின் முறை. கீழே அந்தத் தொழிலாளி, தலைக்குப் பெரிதான ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு மணி நேரம் பிரமாதமாக வாதாடினார். தலையசைப்பு உலகம் முழுக்கச் சம்மதத்தின் அடையாளம் என்றார். அம்மா குறுக்கிட்டார். குறுக்கிடுவதில் அந்த அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது.

"அவர் தலையாட்டினார் என்கிறீர்கள். எந்தப் பக்கமாக? மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, அல்லது இரண்டுக்கும் நடுவிலா?"

வழக்கறிஞர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் தலை லேசாக ஆடியது.

"இப்போது நீங்கள் ஆட்டியதை நான் என்னவென்று பதிவு செய்யட்டும்?" என்றார் அம்மா.

மண்டபமே சிரித்தது. மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எதிரொலியும் சிரித்துவிட்டதால் தமிழ்ச் சேனலில் அந்தக் கேள்வி சிரிப்போடு போய்ச் சேர்ந்தது. ஹெட்போனைப் பிடித்துக்கொண்டிருந்த தொழிலாளி, பிடிபட்ட நாளிலிருந்து அதுவரை தன் வழக்கில் நடந்த எந்த நகைச்சுவையும் புரியாதவன், அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். அம்மா தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தார். கோபமா பாராட்டா என்று அப்போதும் தெரியவில்லை. நீதிமன்ற மொழி நன்றாகத் தெரிந்திருந்தும் தமிழ்ச் சேனலையே ஒரு காதில் வைத்திருப்பது அவர் வழக்கம். கேட்டால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன போய்ச் சேருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்பார். எதிரொலி என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே நீங்கள் முடித்துவிடுகிறீர்கள், எதிரொலி முந்திக்கொண்டு வரக்கூடாது என்றார் ஒரு நாள் காபி இயந்திரத்தின் முன்னால். பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர்.

மூன்று மாதம் கழித்து வந்த தீர்ப்பில்தான் அந்தப் பத்தி. 'தலையசைப்பு பதில் அல்ல. ஒரு மனிதனுக்குப் புரியும் மொழியில் அவனைக் கேட்பதும், அவன் வாயிலிருந்து சொல் வரும்வரை காத்திருப்பதும் கேட்பவரின் கடமை. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கேட்கும் உரிமை இல்லை.' இன்றைக்கு எத்தனையோ நாட்டு நீதிமன்றங்கள் அதை மேற்கோள் காட்டுகின்றன. சட்டக் கல்லூரிகளில் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அதைத் தமிழில் முதன்முதலாகச் சொன்ன வாய் எதிரொலியுடையது. கேட்ட முதல் காது அந்தத் தொழிலாளியுடையது. அந்தப் பத்தியை இன்னொருவர் வாசிக்க, தான் கீழே உட்கார்ந்து கைதட்டுவதை எதிரொலியால் கற்பனை செய்ய முடியவில்லை. அதைவிட, பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனை நடுமண்டபத்தில் அழவைத்துவிட்டு அந்தப் பெண்டாட்டியின் வார்த்தைகளை வாசிப்பதையும் கற்பனை செய்ய முடியவில்லை. அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் டீச்சரிடம் கேட்டார்.

"எனக்கென்ன சார் தெரியும்? கண்ணாடி போட்டா பின்னல் தெரியும், மண்டபம் தெரியாது. கழட்டினா மண்டபம் தெரியும், பின்னல் தெரியாது. நான் பின்னிட்டிருந்தேன்."

"ஒரு யூகமா சொல்லுங்க."

"யூகமா சொன்னா அழுதாரு."

எதிரொலியின் முகம் விழுந்தது.

"சரி, சிரிச்சாருன்னு வெச்சுக்குங்க," என்றார் டீச்சர் இரக்கப்பட்டு.

வீட்டில் மனைவியிடம் கேட்டார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் கூச்சலைச் சுமந்துவிட்டு வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் கேட்டா? பின்சீட்ல ஒருத்தன் தோள் குலுங்கினா சிரிக்கறானா, வாந்தியெடுக்கப் போறானான்னே எனக்குத் தெரியறதில்ல. வண்டிய நிறுத்தித்தான் கேக்கறேன்."

"நீ மட்டும் அங்க இருந்திருந்தா..."

"நான் அங்க இருந்திருந்தா உங்க மைக்கைப் பிடுங்கி வெச்சிருப்பேன். வீட்லயும்தான் உங்களுக்கு அணைக்கற பட்டன் எதுன்னு தெரியல. போய்த் தூங்குங்க."

தூக்கம் வரவில்லை. படுக்கையில் புரண்டபடி சாட்சியங்களை அடுக்கிப் பார்த்தார். செயலாளர்: பல விதமாக எடுத்துக்கொள்ளலாம். டீச்சர்: அழுதார், அல்லது இரக்கத்தின் பேரில் சிரித்தார். மனைவி: வாந்தியும் இருக்கலாம். இது போதாதென்று மாடிப்படியில் எதிர்ப்பட்ட இரண்டு இளம் வழக்கறிஞர்களிடமும் கேட்டிருந்தார். ஒருத்தர் சிரிப்பு என்றார், ஒருத்தர் அழுகை என்றார். அங்கேயே நின்று அவர்கள் இரண்டு பேரும் வாதாட ஆரம்பித்ததால் இவர் நழுவிவிட்டார். ஒரு மனுஷனுடைய முதுகைச் சுற்றி இத்தனை பேர் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறோம் என்று தோன்றியபோது, எதிரொலி எழுந்து உட்கார்ந்தார். மனைவி போர்வைக்குள்ளிருந்து "என்ன?" என்றார்.

"வண்டிய நிறுத்தித்தான் கேக்கணும்னு சொன்னியே."

"அதுக்கு?"

"அம்மாவோட வீட்டுக்காரரு பல் டாக்டர்."

"நல்லதாப் போச்சு. அந்தக் கடவாய்ப் பல்லையும் காட்டிட்டு வாங்க. நாலு மாசமா ஒரு பக்கமாவே மென்னுட்டிருக்கீங்க."

கிளினிக் ஒரு சந்தில் இருந்தது, கீழே சாவிக்கடை, மேலே பல். மூன்று வாரம் பூட்டிக் கிடந்து செவ்வாய்க்கிழமைதான் திறந்திருந்தார்கள். வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்தது. படியேறும்போது எதிரொலிக்கு ஒரு சிக்கல் உறைத்தது. டாக்டர் இவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் குரலைக் கேட்டிருக்கிறார். ஒரு வணக்கம் சொன்னால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் தயாராவதற்கு முன்பே அது நடப்பதில் அவருக்கு விருப்பமில்லை. ஆகவே ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, வலியில் பேச முடியாத மனிதராக உள்ளே நுழைந்தார். பிழைப்பே வாயை வைத்துத்தான் என்கிற ஒருவர் ஊமை வேஷம் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

உதவிக்கு யாருமில்லை. டாக்டரே கதவைத் திறந்தார். நேரில் பார்க்க முதுகைவிட இளமையாக இருந்தார். சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, சின்ன வாஷ்பேசின், சுவரில் ஈறு நோய்களின் வண்ணப்படம். ஜன்னலோரம் ஒரு ரேடியோ மெதுவாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

"எங்க வலி?"

எதிரொலி கன்னத்தைக் காட்டினார்.

"மேல் வரிசையா கீழ் வரிசையா?"

எதிரொலி தலையை ஒரு மாதிரி ஆட்டினார்.

"தலையாட்டினா எனக்கு ஒண்ணும் புரியாதுங்க. சரி, ஆ காட்டுங்க, நானே பாத்துக்கறேன்."

நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு கண்ணில் அடித்தது. சின்னக் கண்ணாடி ஒன்றும் கொக்கி ஒன்றும் வாய்க்குள் புகுந்தன. டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போனார், வீட்டு வாடகை கேட்டு வருகிறவர் கதவைத் தட்டுகிற மாதிரி. கடைசிக்கு முந்தின பல்லில் எதிரொலி நாற்காலியோடு எகிறினார்.

"அடேங்கப்பா. நல்லா ஆழமாப் போயிருக்கு." டாக்டர் இன்னும் குனிந்து பார்த்தார். "இதை வெச்சுக்கிட்டா திங்கக்கிழமை அவ்வளவு ஜோக் அடிச்சீங்க?"

எதிரொலி திருதிருவென்று விழித்தார். பேச வாயில்லை, வாய் முழுக்க டாக்டர்.

"போன்ல நேரம் கேட்டீங்களே, அப்பவே தெரியும். விசாரணை நடக்கறப்ப எல்லாம் இங்க அந்த ஒலிபரப்பு ஓடிட்டிருக்கும். அவ பேசறதைக் கேக்கணும்னு வெப்பேன். அவ பேசற மொழி எனக்கு அரைகுறை. அதனால உங்களைக் கேப்பேன். என் பேஷன்ட்டுங்க பாதிப் பேருக்கு உங்க குரல் அத்துபடி. ஒரு அம்மா மயக்க ஊசியே வேணாம், அவரு பேசட்டும், அதுவே போதும்னுட்டாங்க. புகழ்ச்சியா என்னன்னு தெரியல. அசையாதீங்க, ஊசி போடறேன்."

ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் எதிரொலியின் வாயில் வலது பாதி ஊரைவிட்டுப் போய்விட்டது. பிறகு இயந்திரம் இரைந்தது, தண்ணீர் தெறித்தது, கருகின வாசனை வந்தது. டாக்டர் வேலையில் கண்ணாக, பேச்சைத் தன்பாட்டுக்கு விட்டிருந்தார். கிளினிக்கை இத்தனை சீக்கிரம் திறந்ததற்கு உறவினர்கள் குறைப்பட்டார்கள் என்றார். வீட்டில் உட்கார்ந்தால் வருகிறவர்கள் எல்லோரும் தன் முகத்தையே பார்க்கிறார்கள், இங்கே வந்தால் தான் அடுத்தவர் வாயைப் பார்க்கலாம், அது பரவாயில்லை என்றார். ஓட்டையை அடைத்து, இழைத்து, கடித்துப் பார்க்கச் சொன்னார்.

"இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் மரப்பு இருக்கும். சூடா எதுவும் குடிக்காதீங்க, கன்னத்தைக் கடிச்சுக்காதீங்க. நாளைக்குச் சாயங்காலம் ஒண்ணும் தெரியாது. கொப்பளிங்க."

எதிரொலி கொப்பளித்தார். தண்ணீர் தொட்டியில் பாதி, சட்டையில் பாதி விழுந்தது. எழுந்து போய்விடலாம். பல் சரியாகிவிட்டது, மனுஷன் கோபமாகவும் இல்லை. நாளைக்குச் சாயங்காலம் என்று சொன்னதையே மேடையேற உத்தரவாக எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போய் நிற்கலாம். பல விதமாக எடுத்துக்கொள்ளத்தக்க பதில்தான் அது. செயலாளருக்கு அதுவே தாராளம். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர்," என்றார். வேறு யாரோ கூப்பிட்டது போல் இருந்தது. நாக்கு ஈரத் துண்டாகக் கிடந்தது. இருந்தாலும் கேட்டார். ஆறு மொழியில் எந்த மொழியிலும் சேராத ஒரு மொழியில், உதட்டின் இடது ஓரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முழு வாக்கியமாகக் கேட்டார். உலகத்தில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. டாக்டருக்குப் புரிந்தது. வருஷக்கணக்கில் அந்த நாற்காலியிலிருந்து அவர் கேட்டு வருகிற மொழிதானே.

"அன்னைக்கு நான் சிரிச்சேனா அழுதேனான்னு கேக்கறீங்க."

"ஆமா," என்றார் எதிரொலி. தலையை ஆட்டவில்லை.

டாக்டர் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டார். ரேடியோவை நிறுத்தினார். சக்கரம் வைத்த ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தார்.

"மூணு வாரமாச்சு. இப்படி நேரா யாருமே ஒண்ணும் கேக்கல, தெரியுமா? முகத்தைப் பாத்து அவங்களே முடிவு பண்ணிக்கறாங்க. உங்க செயலாளர் நேத்து போன் பண்ணினாரு. 'உங்கள் உணர்வுகளை அறிய விரும்புகிறோம்'னாரு. எதைப் பத்தின்னேன். பொதுவான்னாரு. பொதுவா நல்லா இருக்கேன்னுட்டு வெச்சுட்டேன். சாயங்காலம் ஒரு பூச்செண்டு வந்துச்சு."

எதிரொலி காத்திருந்தார். முந்திக்கொண்டு வாக்கியத்தை முடிக்க அவரிடம் அன்றைக்கு வாயும் இல்லை.

"சிரிச்சேன்," என்றார் டாக்டர். "நல்லா சிரிச்சேன். அடக்கிப் பாத்தேன், முடியல. அவ அப்படித்தான் கேட்டிருப்பா, அதே தொனியில. அவ போனப்புறம் அதான் மொதத் தடவ. சிரிச்ச வாக்குல, 'கேட்டியா அந்த ஆளு சொன்னதை'ன்னு பக்கத்துல திரும்பினேன். யாரோ ஒரு தூதர் நின்னுட்டிருந்தாரு. அப்ப அழுதேன். அதுவும் நெசம்தான். அந்தச் சிரிப்பு வரலேன்னா அந்த அழுகையும் வந்திருக்காது. அதுக்காக உங்க மேல கொஞ்சம் கோவம் இருக்கு. மூணு நாளாயும் போகல. நாளைக்கு மேடையில நீங்க இல்லேன்னா இன்னும் கோவம் வரும். செயலாளர்கிட்ட நானே இப்பப் பேசறேன், பொதுவா இல்ல."

போனை எடுக்க அவர் எழுந்தபோது விளக்கை அணைத்தார். அணைந்த விளக்கின் குழிந்த கண்ணாடியில் எதிரொலிக்குத் தன் முகம் பெரிதாகத் தெரிந்தது. இடது பாதி காதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது. வலது பாதிக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. அது அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கன்னத்தில் என்னவோ வழிந்து சட்டைக் காலர்வரை போய்விட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. போனில் எண்ணை அழுத்திக்கொண்டே டாக்டர்தான், பழக்கப்பட்ட கையால், கொஞ்சம் பஞ்சை எடுத்து நீட்டினார்.